பழைய ரயில் பாதையில் நடந்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

குன்னூர்வாசி:
சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ‘ரயில் காரிடார்’ என்று சொல்லும் பாதையில் நடந்தேன். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை மலாயா ரயில் ஓடிய வழி அது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தானே ஓட்டிப் போனார். மறுநாள், அதுவரை மலேசிய ரயில்வே கையிலிருந்த அந்த நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. 24 கிலோமீட்டர், நகரத்தின் நடுவே! அந்த ஊர் நில விலைக்குத் துண்டு போட்டு விற்றிருந்தால் கொட்டியிருக்கும். ஆனால் அங்குள்ள இயற்கைச் சங்கம் 2010லேயே, பாதையை எங்கேயும் அறுக்காமல் பசுமை வழியாக வைத்திருங்கள் என்று திட்டம் கொடுத்துவிட்டது. ஊர் மக்களும் சேர்ந்து பேசினார்கள், அரசு கேட்டது.

தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். புக்கிட் தீமா ஸ்டேஷனிலும் இரும்புப் பாலங்களிலும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பாலத்தில் நின்று பார்த்தால் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர், நம்ம மேட்டுப்பாளையம்–ஊட்டி லைனின் அதே அகலம். ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் மனைவிக்கு முழங்கால் வலி. குன்னூரில் கீழே மார்க்கெட்டுக்கு இறங்கினால் திரும்ப மேலே பெட்ஃபோர்டு ஏற ஆட்டோ பிடித்தாக வேண்டும். அங்கே எங்கும் உட்காராமல் என்னோடு பேசிக்கொண்டே நடந்து வந்தாள். காரணம் எளிது. செங்குத்தாக ரயில் ஏறாது, அதனால் அந்தக் காலத்திலேயே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வழியைச் சீராக்கி வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல நடைபாதையைப் புதிதாகப் போட முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மலை ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை. 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்த ரயில் என்றைக்கும் ஓட வேண்டும். லைன் ஓரமாக நடக்க வழி கிடைக்குமா என்பதுதான் என் கேள்வி.

கேத்தி மகள்:
அண்ணா, எங்கள் அப்பா இந்த லைனில் கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கும் குழுவில் வேலை. கேத்தியிலிருந்து லவ்டேல் போக நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் தண்டவாளத்தில்தான் நடப்போம். ரோடு சுற்று, ஏற்ற இறக்கம் வேறு. குன்னூருக்குக் கீழே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பல் தண்டவாளம் உள்ள இடத்தில் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். மேலே வந்தால் 23 அடிக்கு ஓரடிதான். பள்ளிக்கூடப் பையோடு மூச்சு வாங்காமல் நடக்கலாம்.

ஆனால் பயம் பயம்தான். மூடுபனி இறங்கிவிட்டால் வளைவில் ரயில் வருவது தெரியாது. பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. இன்றைக்கு என் பிள்ளைகளை அங்கே விடமாட்டேன். தண்டவாளத்தில் நடக்கக் கூடாது என்கிற விதி சரியான விதி. அதனால்தான் வேலி போட்ட தனி வழி வேண்டும் என்கிறேன்.

அப்புறம் அப்பா எப்போதும் சொல்வது: லைனைக் காப்பாற்றுவது ஓரக் கால்வாய்தான். ஐப்பசி மழையில் கால்வாய் அடைத்தால் தண்ணீர் கரைக்குள் இறங்கும், அடுத்தது மண்சரிவு. நடைபாதை போட்டாலும் கதை அதேதான். திறப்பு விழா நடத்திவிட்டு ஆள் போடாமல் விட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. பாதைக்கும் ஒரு கேங் வேண்டும், மாதச் சம்பளத்தோடு.

பூம்பாறை ராசு:
எங்கள் பழனி மலைக்கு மேற்கே, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு ரயில் இருந்தது தெரியுமா? 1902இல் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் சின்ன ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்குப் போகும். 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டவே இல்லை. நான் தேடிப் போனபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மிச்சங்களைத்தான் பார்க்க முடிந்தது.

மதுரை–போடி லைனைப் பாருங்கள். 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள், 2023இல் அகல ரயில் போடிக்கு வந்தது. இடையில் அந்த வழியைக் கூறு போட்டிருந்தால் ரயில் எங்கே வரும்? அமெரிக்காவில் 1983லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ரயில் நின்ற வழியை நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஊட்டி சரவணன்:
எனக்கு ஒரு கவலை. நியூயார்க்கில் மேம்பால ரயில் பாதையை ஹைலைன் பூங்காவாக 2009இல் திறந்தார்கள். சுற்றிலும் நில விலை ஏறிவிட்டது. அதை ஆரம்பித்த இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாம்மண்டே, அக்கம்பக்கத்து எளிய மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறிவிட்டோம் என்று பின்னால் சொன்னார். இங்கே 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிற அளவுக்குக் கூட்டம். நடைபாதை வந்தால் மறுநாளே செல்ஃபி பாயிண்டும் கடைகளும் வரும். பள்ளிப் பிள்ளைகளும் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும் நடக்கத்தான் முதலில் அது இருக்க வேண்டும்.

குன்னூர்வாசி:
சரவணன் தம்பி, நியாயமான கவலை. சிங்கப்பூரில் நான் நடந்த பகுதியில் கடை இல்லை. காட்டு உயிர்களுக்காகப் பெரும்பாலான இடத்தில் விளக்கும் போடவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை இங்கே எழுத்தில் முதலிலேயே கேட்க வேண்டும். கேத்தி தங்கச்சி, அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். வெலிங்டனிலிருந்து லவ்டேல் வரை லைன் ஓரம் வேலி போட்டு நடக்க எங்கெல்லாம் அகலம் இருக்கிறது, எங்கெல்லாம் கரை இளகல்? ரயில்வேயின் சேலம் கோட்ட அலுவலகத்துக்கு நாங்கள் சிலர் எழுதப்போகும் மனுவில் அவர் சொல்லும் இடங்களையே போடுகிறோம்.