ரெண்டு வார்த்தை பேசினால் போதுமாம், ஊரைச் சொல்லிவிடுவாராம்!

குரோய்டன் குப்புசாமி:
நேற்று ஹாரோவில் ஒரு காதுகுத்து. பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். இங்கிலாந்துக்காரன் எவனாக இருந்தாலும் ரெண்டு வார்த்தை பேசினால் போதுமாம், ஊர் என்ன, பேட்டையையே சொல்லிவிடுவாராம். அத்தாட்சிக்கு யார்க்‌ஷயர் தொடர் கொலை வழக்கு ஒலிநாடாவை இழுத்தார். “பேச்சை வைத்தே ஆளைப் பிடித்தார்கள் தம்பி” என்றார். பாயசத்தோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே கேட்கிறேன். பிடித்தார்களா? 1979 ஜூனில் “நான் ஜாக்” என்று கொலைகாரன் பேசுவதுபோல் போலீசுக்கு நாடா வந்தது. பேசியவன் வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் காசில்டவுன் பக்கத்து ஆள் என்று நிபுணர் சொன்னார். ஆள் சிக்கியது 2005இல். அதுவும் கடித உறையை நக்கி ஒட்டிய எச்சிலின் டிஎன்ஏவால். இதில் காதுக்கு என்ன பெருமை?

வியர்க்கரையான்:
19 வருடமாகச் சண்டர்லாந்தில் ஆஸ்பத்திரி வார்டு வேலை பார்ப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். அந்த நிபுணர் ஸ்டான்லி எல்லிஸ், லீட்ஸ் பல்கலைக்கழகம். 1950களில் 313 ஊர்களில் கிழவர்களைப் பேசவைத்துக் குறிப்பெடுத்தார்களே, அந்த வட்டார வழக்குக் கணக்கெடுப்பில் ஊர் ஊராக அலைந்தவர். நாடாவைக் கேட்டார், காசில்டவுன், சவுத்விக் என்று விரல் வைத்தார். பிடிபட்ட ஜான் ஹம்பிள் குடியிருந்தது ஃபோர்டு எஸ்டேட். அங்கிருந்து ஒரு மைல் சொச்சம். மொத்த இங்கிலாந்தில் ஒரு மைல்! குரோய்டனில் உட்கார்ந்துகொண்டு இதைத் தோல்வி என்கிறீர்கள்.

குரோய்டன் குப்புசாமி:
ஒரு மைல், சரி. வேர் ஆற்றுக்கு எந்தப் பக்கம்? காசில்டவுன் வடகரை. ஃபோர்டு எஸ்டேட் தென்கரை. ஆற்றைத் தாண்டிவிட்டதே ஐயா!

வியர்க்கரையான்:
வேர் மரத்துக்குக் கீழே இருப்பது. ஆற்றின் பெயர் வியர். ஆற்றின் பெயரையே வாசிக்கத் தெரியாதவர் அதன் இரு கரைப் பேச்சைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். சவுத்விக்கை எங்கள் வார்டுக் கிழவர்கள் ‘சடிக்’ என்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குரோய்டன் குப்புசாமி:
வேரோ வியரோ, தண்ணீர் ஓடுகிறதா இல்லையா? நிபுணர் சொன்னது வடக்கே, ஆள் இருந்தது தெற்கே.

சிவகாசி வெடி:
ஒரு சந்தேகம். போன தீபாவளி சமயத்தில் என் எழுத்தைப் படித்துவிட்டு “நீ மதுரைதான், மறைக்காதே” என்று அடித்துச் சொன்ன வியர்க்கரையான் இவர்தானே? நான் சிவகாசி. பெயரிலேயே இருக்கிறது. மன்னிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

வியர்க்கரையான்:
அது எழுத்து, இது பேச்சு. பேசிக் காட்டியிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

சிவகாசி வெடி:
ஒரு மைல் கணக்குப் பேசுகிறவர் 70 கிலோமீட்டரில் வழுக்கி விழுந்திருக்கிறார். நடுவில் ஆறுகூடப் பெரிதாக இல்லை.

மானிப்பாய் மருமகள்:
ஆற்றைப் பிறகு அளக்கலாம். நாடாவில் பேசியவன் கொலைகாரனே இல்லை என்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப், யார்க்ஷயரிலேயே இருக்கும் பிராட்ஃபர்டு ஆள். போலீஸ் அவனை ஒன்பது தடவை விசாரித்து விட்டுவிட்டது. வடகிழக்குப் பேச்சு இல்லாதவன் கொலைகாரனாக இருக்க முடியாது என்ற நினைப்பும் அதற்கு ஒரு காரணம். நாடா வந்த பிறகு மூன்று பெண்கள் செத்தார்கள். நிபுணரின் காது சரியோ பிழையோ, அதை நம்பியவர்களின் புத்தி எங்கே போனது?

வியர்க்கரையான்:
அக்கா, அந்தப் பழியை எல்லிஸ் மேல் போடாதீர்கள். அவரும் ஒலியியல் நிபுணர் ஜாக் விண்ட்சர் லூயிஸும் அப்போதே போலீசை எச்சரித்தார்கள். இவ்வளவு சின்ன இடத்தைக் காட்டியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், அவன் விசாரணையில் ஏற்கெனவே கழித்துக்கட்டப்பட்டவனாக இருப்பான், நாடா மோசடியாக இருக்கலாம் என்று. போலீஸ் காதில் வாங்கவில்லை. சட்கிளிஃப் 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் மாட்டியது போலி நம்பர் பிளேட்டால். எல்லிஸிடம் ஊரைச் சொல் என்றார்கள், சொன்னார். அவர் வேலை அவ்வளவுதான்.

குரோய்டன் குப்புசாமி:
ஊரைச் சொன்னார், கரையை மாற்றிச் சொன்னார்.

வியர்க்கரையான்:
உங்களுக்குக் கரையைத் தவிர வேறெதுவும் தெரியாதா? ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். போன மாதம் என் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு தாத்தாக்கள். டிவியில் பந்தாட்டம். ஒருவர் ‘ஹாவே’ என்று கத்துகிறார், மற்றவர் ‘ஹவ்வே’ என்கிறார். முதலாமவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! “இவனை வேறு கட்டிலுக்கு மாற்று” என்றார் என்னிடம். ஒருவர் சண்டர்லாந்து, மற்றவர் நியூகாசில். நடுவில் 12 மைல்தான். அதே ‘வா, கிளம்பு’தான். ஒரு எழுத்தில் ஊர் தெரிந்துவிட்டது. இதைக் குரோய்டனில் கேட்க முடியுமா?

குரோய்டன் குப்புசாமி:
பந்தாட்டம் ஓடும்போது நானும் சொல்வேன். சட்டை நிறத்தைப் பார்த்தால் போதுமே.

பசித்த பயில்வான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹாரோ காதுகுத்துச் சமையல் யார்? அடுத்த மாதம் எங்கள் வீட்டில் விசேஷம்.

மானிப்பாய் மருமகள்:
ஆறு பேச்சைப் பிரிக்கும் என்பதில் குப்புசாமி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தொண்டைமானாற்றுக்கு அந்தப் பக்கம் வடமராட்சி. அங்கே இருந்து வந்த என் மாமியார் வாய் திறந்தாலே எங்கள் வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் தூரம் ஒன்றும் பெரிதில்லை.

குரோய்டன் குப்புசாமி:
பாருங்கள்! யாழ்ப்பாணத்திலிருந்தே சாட்சி வந்துவிட்டது. கரை மாறினால் பேச்சு மாறும். பேச்சு மாறுமென்றால் எல்லிஸ் கேட்டது தப்பு.

மானிப்பாய் மருமகள்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. கண்டுபிடிக்க முடியும் என்றுதான் சொன்னேன்.

வியர்க்கரையான்:
அக்கா என் கட்சி. அதோடு, தண்ணீர் பிரிக்கும் என்றால் பாலம் சேர்க்குமே? சடிக்கையும் தென்கரையையும் சேர்க்கும் அலெக்சாண்ட்ரா பாலம் 1909இல் வந்தது. ஹம்பிளின் அப்பா காலத்திலேயே இந்தக் கரை ஆள் அந்தக் கரைக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கப்பல் பட்டறை இரண்டு பக்கமும் இருந்தது. ஆகவே வடகரைப் பேச்சு, தென்கரைப் பேச்சு என்று நீங்கள் கிழிக்கிற கோடு தண்ணீர் மேல் கிழிக்கிற கோடு.

குரோய்டன் குப்புசாமி:
அப்படியா? காசில்டவுனிலிருந்து நேரே எதிர்க்கரைக்குப் போகும் நார்தர்ன் ஸ்பையர் பாலம் திறந்தது 2018இல். நாடா வந்தது 1979இல். 39 வருடம் முன்தேதியிட்டுப் பாலம் கட்டுகிறீர்களா? இன்னொன்று, இரண்டு கரையும் ஒரே பேச்சு என்றால் எல்லிஸ் ஏன் வடகரையை மட்டும் சொன்னார்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சிவகாசி வெடி:
கேள்வி நல்ல கேள்வி. என் மன்னிப்பும் நிலுவையில் இருக்கிறது.

வியர்க்கரையான்:
நான் சொன்னது அலெக்சாண்ட்ரா பாலம், நீங்கள் திறப்பது வேறு பாலம். படித்துவிட்டு எழுதுங்கள். ஒரு மைல், ஒரு மைல், ஒரு மைல். உங்களை ஒலிநாடா முன்னால் உட்காரவைத்தால் ஸ்காட்லாந்தா வேல்ஸா என்றே முழிப்பீர்கள்.

குரோய்டன் குப்புசாமி:
முழிப்பேன். ஆனால் முழித்ததைப் பந்தியில் பெருமையாகச் சொல்ல மாட்டேன். பதில் எங்கே? எந்தக் கரை?

பசித்த பயில்வான்:
சமையல்காரர் பெயரை யாரும் சொல்லவில்லையே.

குரோய்டன் குப்புசாமி:
சாம்பாரில் உப்பு கம்மி, வேண்டாம். வியர்க்கரையான், எந்தக் கரை?

வியர்க்கரையான்:
எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து விரிவாக எழுதுகிறேன். அதற்குள் மேலே போய் உங்கள் ‘வேர்’ஐத் திருத்தி வையுங்கள்.

சிவகாசி வெடி:
காலையில் வரும்போது 70 கிலோமீட்டரையும் எடுத்து வாருங்கள்.