வேலைக்குப் போகும் பெண்களின் காதல்: எந்த மங்காவில் தொடங்கலாம்?

பவளமல்லி கேட்டது:

எனக்கு 29 வயது. சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. செப்டம்பர் மாதமெல்லாம் வீடு வந்து சேர இரவு பத்தரை ஆகிவிடும். படுக்கும் முன் அரை மணி நேரம் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, படிப்பது கல்லூரியிலிருந்தே பழக்கம். ஆனால் காதல் மங்கா என்று எதை எடுத்தாலும் பள்ளிச் சீருடைதான். பதினாறு வயதுப் பெண் மொட்டைமாடியில் நின்று அழுகிறாள். முன்பு நானும் கூடவே அழுதேன், இப்போது மனசு ஒட்டவில்லை. சம்பளம் வாங்கி, வாடகை கட்டி, தனியாக இருக்கும் ஒருத்திக்குக் காதல் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லும் கதை வேண்டும். கோடீஸ்வர முதலாளி மயங்கி விழுகிற வகை வேண்டாம். ‘வொட்டகோய்’ என்ற அலுவலகக் காதல் மங்கா படித்துவிட்டேன், பிடித்திருந்தது. வேறு என்ன படிக்கலாம்?

தாமாக்கரை எழுதியது:

நீங்கள் கேட்பதை ஜப்பானில் ஜோசெய் மங்கா, அதாவது வயதுவந்த பெண்களுக்கான மங்கா, என்பார்கள். ‘கிஸ்’, ‘ஃபீல் யங்’ மாதிரி இதழ்களில் வரும். நான் ஜப்பானின் கவாசாகி நகரில் ஆறு வருடம் மென்பொருள் சோதனை வேலையில் இருந்தேன். கடைசி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இவற்றைத்தான் படிப்பேன். ஒரு கதை தேறுமா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான். கதாநாயகி பார்க்கும் வேலையைக் கதையிலிருந்து உருவிவிட்டாலும் காதல் அப்படியே நிற்கிறதா? நின்றால் அந்தக் கதை வேண்டாம்.

முதலில் மோயோகோ அன்னோவின் ‘ஹதராகி மேன்’. ஆண்களுக்கான ‘மார்னிங்’ இதழில் 2004-இல் தொடங்கியது. ஹிரோகோ மட்சுகதாவுக்கு 28 வயது, வாரப் பத்திரிகை ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். வேலை சூடுபிடித்தால் சாப்பாடு, தூக்கம், காதலன் எல்லாம் மறந்துபோகும். காதலனும் கட்டுமான நிறுவனத்தில் அதே மாதிரி உழைக்கிறவன். இருவரிடமும் அன்பு இருக்கிறது, நேரம்தான் இல்லை. வில்லன் யாரும் இல்லாமல் ஓர் உறவு மெல்ல மெல்லத் தேய்வதை இவ்வளவு நேர்மையாக நான் வேறெங்கும் படித்ததில்லை. 2008-இல் தொடர் பாதியில் நின்றுவிட்டது, அதை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

அடுத்து யாயோய் ஒகாவாவின் ‘கிமி வா பெட்டோ’, 14 தொகுதிகள். சுமிரே நாளிதழ் நிருபர். படிப்பு, சம்பளம், உயரம் மூன்றும் தன்னைவிடக் கூடுதலாக உள்ளவன்தான் வேண்டும் என்று நினைக்கிறாள். ஜப்பானில் அதற்கு ‘சான்கோ’, மூன்று உயர்வுகள், என்று ஒரு சொல்லே உண்டு. அப்படி ஒருவன் வரும்போது அவன் எதிரில் இவளால் இயல்பாக இருக்க முடிவதில்லை. வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த நடனக்கார இளைஞனிடம்தான் அழ முடிகிறது. அட்டைப்பெட்டி சங்கதி நம்பும்படி இல்லைதான். ஆனால் அலுவலகத்தில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரும் அந்த முகம் நூற்றுக்கு நூறு நிஜம்.

அப்புறம் சாதோரு ஹியுராவின் ‘ஹோதாரு நோ ஹிகாரி’. ஹோதாரு அலுவலகத்தில் பளிச்சென்று இருப்பாள். வீட்டுக்கு வந்தால் பழைய விளையாட்டு உடை, உச்சியில் முடிச்சு, தாழ்வாரத்தில் பீர். இப்படிப்பட்டவளை ‘ஹிமோனோ ஒன்னா’ என்பார்கள். ஹிமோனோ என்றால் நம்ம கருவாடு! காதல் உணர்ச்சி கருவாடு மாதிரி காய்ந்துபோனவள் என்று பொருள். 2007-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது அந்தச் சொல் ஊரெல்லாம் புழங்கியது. அதே வீட்டில் அவளுடைய துறைத் தலைவரும் குடியிருக்கும்படி ஆகிறது. அழகாக இல்லாத நேரத்திலும் ஒருத்தியைப் பிடிக்கும் என்பதை அந்த மனிதர் சொல்லாமலே காட்டுவார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

மீன்கொத்தி எழுதியது:

அகிகோ ஹிகாஷிமுராவின் ‘டோக்கியோ தராரெபா முசுமே’வை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, 2019-இல் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதும் வாங்கியது. ஆனால் எனக்கு அதன்மேல் கோபம் உண்டு. 33 வயதுக்காரி ரின்கோவை 2020 ஒலிம்பிக்குக்குள் கல்யாணம் முடித்தாக வேண்டும் என்று கதை விரட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் கேட்பது போதாதா, புத்தகத்திலும் கேட்க வேண்டுமா?

தாமாக்கரை எழுதியது:

கோபம் நியாயம்தான். எனக்கும் முதல் தொகுதியிலேயே மூடி வைக்கலாம் என்று தோன்றியது. பத்து வருடத்துக்கு முன் ரின்கோ வேண்டாம் என்று மறுத்த ஒருவன் “பேச வேண்டும்” என்று கூப்பிடுகிறான், திருமணப் பேச்சு என்று நம்பிப் போகிறாள். அவனுக்கோ இவளுடைய உதவியாளர் பெண்ணைப் பிடித்திருக்கிறது, அதற்கு யோசனை கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். படிக்கும்போது வயிறு கலங்கியது.

ஆனால் அந்த விரட்டல் ஆசிரியர் இட்டுக்கட்டியது இல்லை. 25 தாண்டிய பெண்ணை, டிசம்பர் 25-க்கு மேல் விலைபோகாத கிறிஸ்துமஸ் கேக் என்று சொன்ன ஊர் அது. வேலையில் ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம் 1986-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் பேச்சு நிற்கவில்லை, கெடு வயதுதான் தள்ளிப்போனது.

தமிழில் படிக்கிற நமக்கு ‘தராரெபா’ என்ற தலைப்பில் இன்னொன்று உண்டு. ‘தரா’வும் ‘ரெபா’வும் நம்முடைய ‘ஆல்’ மாதிரி விகுதிகள். இளைத்தால் அழகாவேன், நல்லவன் வந்தால் கட்டிக்கொள்வேன் என்று தோழிகள் மூவரும் இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடையில் குடித்துக்கொண்டே பேசுவார்கள். தரா என்றால் காட் மீன், ரெபா என்றால் ஈரல். போதை ஏறியதும் தட்டில் இருக்கும் அந்த இரண்டுமே ரின்கோவிடம் வாயைத் திறந்து பேசும். ஆங்கிலத்தில் இந்தச் சிலேடைக்கு விளக்கம் தேவைப்படும். நமக்கு ‘ஆல்’ என்றாலே போதும், உடனே உறைக்கும்.

பவளமல்லி எழுதியது:

நன்றி. ‘தராரெபா’ முதல் தொகுதியை நேற்று இரவே வாங்கி, ஒரு மணி வரை படித்தேன். வெள்ளிக்கிழமை இரவு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவதும் முழுக்க ‘ஆல்’தான், அதைக் கவனித்ததே இல்லை. சனிக்கிழமை ‘கிமி வா பெட்டோ’ தொடங்குகிறேன். ‘ஹதராகி மேன்’ மட்டும் தணிக்கைக் காலம் முடிந்த பிறகு.