மறுமொழி: கொல்லையில் வாடும் ரெட்பே மரம்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் சவானா ஊரில் இருக்கும் மாப்பிள்ளை, தன் கொல்லையில் வாடி நிற்கும் ரெட்பே (லாரல் குடும்பத்து மரம்) என்று போட்ட படத்தையும், அதன் கீழே ஆளாளுக்குத் தண்ணீர் விடு, வேப்பம்புண்ணாக்கு போடு என்று சொன்னதையும் பார்த்தேன். தண்ணீர் விட்டு இது தீராது என்றுதான் எனக்குப் படுகிறது. இலை செம்பழுப்பாகி, உதிராமல் கிளையிலேயே தொங்குகிறது பாருங்கள், லாரல் வில்ட் என்ற, வண்டு பரப்பும் பூஞ்சை நோய் வந்த ரெட்பே அப்படித்தான் நிற்கும், சில மரங்களில் ஒரு வருடம் வரைகூட.

நுனிக் குச்சிகள் மட்டும் அங்கங்கே காய்ந்திருந்தால் பயம் வேண்டாம், அது குச்சியைத் துளைக்கிற வேறொரு வண்டின் வேலை, மரம் பிழைத்துக்கொள்ளும். ஒரு பெரிய கிளையோ தலைப்பகுதியோ மொத்தமாக வாடியிருந்தால் கத்தியை எடுத்து, அடிமரத்தில் கொஞ்சம் பட்டையைச் சீவிப் பாருங்கள். உள்ளே வெளிறிய மரத்தில் கறுப்பாகக் கோடு கோடாக ஓடினால் அநேகமாக லாரல் வில்ட்தான். பட்டையில் வண்டு துளைத்துத் தள்ளிய மரத்தூள் சேமியாத் துண்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் என்பார்கள், ஆனால் மழையோ காற்றோ அடித்தால் அது போய்விடும், இல்லை என்பதற்காக நிம்மதி அடைய வேண்டாம். உறுதி செய்ய உங்கள் கவுண்டி (மாவட்ட) விவசாய விரிவாக்க அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், ஆய்வகத்துக்கு எதை வெட்டி அனுப்புவது என்று சொல்வார்கள்.

லாரல் வில்ட்டைப் பரப்பும் வண்டு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மரத்தைத் தின்பதில்லை, வாயருகே உள்ள பையில் பூஞ்சையைக் கொண்டுவந்து துளைக்குள் வளர்த்து அதைத்தான் தின்கிறது. மரம் பூஞ்சையைத் தடுக்கப் போய்த் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு சில வாரங்களில் வாடிப்போகிறது. வண்டுக்குப் பூர்வீகம் நம் ஆசியா, இந்தியாவிலும் உண்டு. 2002இல் உங்கள் சவானா பக்கத்தில், போர்ட் வென்ட்வொர்த்தில்தான் அமெரிக்காவில் முதன்முதலாகச் சிக்கியது, சரக்குப் பெட்டிகளின் மரக்கட்டையில் வந்திருக்கும் என்கிறார்கள். அதற்குப் பிறகு செத்த ரெட்பே மரங்கள் கோடிக்கணக்கில். அந்த மரத்தை நம்பியே வாழும் பாலமீடிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கும் இதனால் கஷ்டம்.

அப்புறம், மயாமி பக்கம் இருக்கும் சித்தப்பா கவனிக்கவும். பட்டர் ஃப்ரூட்டும் இதே குடும்பம்தான், 2012 முதல் அங்கே தோப்புகளிலேயே நோய் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் ஒட்டியிருந்தால் வண்டே இல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஆரோக்கியமான மரத்துக்கு முன்கூட்டியே மருந்து ஏற்றலாம், செலவு அதிகம், வாடிய மரத்துக்கு ஏற்றுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு.

மாப்பிள்ளை, மரத்தை வெட்ட வேண்டி வந்தால் அங்கேயே தூளாக்கிப் போட்டுவிடுங்கள். கோடைச் சந்திப்புக்கு அடுப்பெரிக்க நான் கட்டை கொண்டுவருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம், கட்டையோடு வண்டும் வந்துவிடும். முகாம் பக்கத்துக் கடையிலேயே விறகு வாங்கிக்கொள்வோம், சங்கக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.