மறுமொழி: கல்லுக்காட்டு வேலி நிதி – தூண் நட முதல் இதை வாசியுங்க

அன்பான உறவுகளுக்கு,

கல்லுக்காட்டுக்கு வேலி போடக் காசு கேட்டு நம்மட ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணன் எழுதின மடலும் அதற்கு வந்த பதில்களும் எல்லாம் வாசித்தேன். குடும்பத்துக்கு 100 யூரோ. பழங்காலக் கல்லறைகள் கிடக்கிற நம்மட கல்லுக்காட்டைச் சுற்றிக் கொங்கிறீற் தூண், முள்ளுக்கம்பி, பூட்டுப் போட்ட இரும்புக் கேற், வாசலில் காசு தந்தவர்களின் பெயர் வெட்டின கல். இந்த வேலிக்கு நான் ஒரு சதமும் தர மாட்டேன். அந்தக் கல்லுகளைக் காப்பாற்ற என்றால் கேட்டதை விடக் கூடத் தருவேன்.

முதலில் என் மருமகள் அனுப்பிய படங்களைப் பற்றி. அதெல்லாம் பழைய உடைவு என்று லண்டன் அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, படத்தைப் பெருப்பித்துப் பாருங்க. பெரிய மூடுகல்லின் கிழக்கு மூலை உடைந்த இடம் உப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக மினுங்குது. மிச்ச முகமெல்லாம் கறுத்து, பாசி காய்ந்து கிடக்குது. பழைய உடைவென்றால் அதுவும் கறுத்திருக்கும். கல்லுக்கு மேலே ஏறி நின்று படம் எடுக்கிற பொடியன்மார் நம்மட ஊர்ப் பொடியன்மார்தான், வெளியாட்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. அடுத்த கல்லடியில் அடுப்பு மூட்டின கரி. கருங்கல்லில் நெருப்புப் பட்டால் தோல் தோலாகக் கழலும், பிறகு ஒட்ட வழியில்லை. வெருகல் திருவிழாவுக்குப் போற வாகனங்கள் இப்போது தெருவில் நிற்காமல் கல்லின் அடி வரைக்கும் வருதாம். சில்லுப் போன தடத்தில் மாரித் தண்ணி ஓடி, ஒரு பக்கக் கல்லின் அடிமண் போய்விட்டது.

அந்தத் தடத்தில் ஒரு பானை ஓடு கிடந்ததாம். உள்ளும் வாயும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. மருமகள் படம் பிடித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை. பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை, இப்பன்கட்டுவை என்று ஈழத்தில் பெருங்கற்காலப் புதைகுழி தோண்டின இடமெல்லாம் வந்த மட்பாண்டம் இந்த வகைதான். நமக்குப் பக்கத்தில் கதிரவெளியையும் ஆய்வாளர்கள் இந்த வரிசையில்தான் சேர்த்திருக்கிறார்கள். இப்பன்கட்டுவைக் கல்லறைகள் கிறிஸ்துவுக்கு ஏழு, ஐந்து நூற்றாண்டு முந்தியவை. நம்மட கல்லுக்காட்டைச் சின்ன விசயம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி வேலி. மேலே தெரிகிற கல் கல்லறையின் ஒரு பகுதிதான். பொம்பரிப்பில் செத்தவர்களைப் புதைத்த தாழிகள் மண்ணுக்குள்ளேதான் கிடந்தன. இப்பன்கட்டுவையில் கல்லறைகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்குது. நம்மட கல்லுகளுக்கு நடுவே, சுற்றிவர, என்ன கிடக்குதென்று தெரியாமல் தூணுக்குக் குழி வெட்டினால், காப்பாற்ற வந்த நாமே தாழியை உடைக்கிறோம். அனுமதி இல்லாமல் அப்படியான இடத்தில் மண்ணைத் தோண்டுவது 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றமும் கூட. ஊரில் நின்று கையெழுத்து வைக்கிறவரைத்தான் பொலிஸ் தேடும், பாரிசில் இருக்கிற என்னையோ லண்டனில் இருக்கிற அண்ணனையோ தேடாது.

நான் இருக்கிற நாட்டில் கர்னாக் என்று ஒரு ஊர். மூவாயிரம் கல்லுக்கு மேல் வரிசை வரிசையாக நிற்குது, அதைச் சுற்றிப் பழைய புதைமேடுகளும் கல்லறைகளும். சனம் மிதித்து மிதித்துப் புல்லும் பற்றையும் செத்து, வெறும் மண்ணை மழை கரைத்து, கல்லின் அடி தெரியத் தொடங்கினது. 1991 இல் வேலி போட்டார்கள். முதல் எதிர்ப்பு அந்த ஊர்ச் சனத்திடம் இருந்துதான் வந்தது, பிறந்த நாள் தொட்டு நடந்து திரிந்த இடம் அல்லவா. இப்போது கோடையில், கூட்டம் கூடின காலத்தில், வழிகாட்டியோடு மட்டும் உள்ளே விடுகிறார்கள். குளிர்காலத்தில் ஆள் குறைவு, காசில்லாமல் உள்ளே நடக்கலாம். பற்றை மண்டாமல் செம்மறி மேய விடுகிறார்கள். நான் பிள்ளைகளோடு போனபோது வழிகாட்டிப் பெண் ஒருத்தி எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவ்வளவு சனத்தில் ஒருவர் கூட மீறவில்லை. அவள் குரலுக்கு அவ்வளவு பலம் இருந்தது.

தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் வேறு முறை. தோண்டின குழிக்கு மேல் கண்ணாடித் தளம் போட்டு, 2023 இலிருந்து சனம் மேலே நின்று கீழே தாழிகளைப் பார்க்குது. நம்மட ஊருக்கு அந்தளவு தேவையில்லை. ஆனால் இரண்டு ஊரும் சனத்தை விரட்டவில்லை, நடையைத்தான் ஒழுங்கு பண்ணினது.

நான் கேட்பது இதுதான். தெருவோரத்தில் வாகனம் நிற்க ஒரு இடம், அங்கிருந்து கல்லடிக்கு ஒரே ஒரு நடைபாதை. குழி வெட்டாமல், நிலத்துக்கு மேலே மண் பரப்பி, இரண்டு பக்கமும் மரக்குற்றி கிடத்தினால் போதும். கல்லைச் சுற்றிக் கயிறு. தடத்து வெள்ளத்தை மறிக்க மண்மூட்டை. கார்த்திகை தொட்டுத் தை வரைக்கும், மண் ஈரமாக இருக்கையில், கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். மிச்ச மாதங்களில் சின்னச் சின்னக் கூட்டமாகக் கூட்டிப் போக ஊரில் ஒரு ஆள், மாதச் சம்பளத்தோடு. உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற நம்மட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! பூட்டின கேற்றுக்கு உள்ளே இரவில் புதையல் தோண்ட வருகிறவனுக்கு நல்ல மறைப்பு. பகலில் சனம் போய்வருகிற இடத்தில் புதுக்குழி விழுந்தால் விடிந்ததும் ஊருக்குத் தெரியும்.

சூரிச் மச்சான் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லவே கூடாது, பலகை நடுவான், மறுகா வயலும் போகும் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பயம் எனக்கும் உண்டு மச்சான். 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ போடவில்லை. அதை மறந்துவிட்டு எழுதவில்லை. ஆனால் ஒளித்து வைத்தால் உடைவதும் ஒளிப்பாகத்தான் உடையும். முதலில் வந்தாறுமூலையில் இருந்து பல்கலைக்கழக வரலாற்றுத்துறை ஆட்களைக் கூப்பிட்டு, அளந்து, படம் எடுத்து, நம்மட கையில் ஒரு பதிவு வைப்போம். சுற்றியுள்ள வயல்காரர்கள் எல்லாரும் காணி உறுதி, காணிப் பேமிற் பிரதிகளை ஒன்றாக்கி வைக்கட்டும். அதோடு பிரதேச செயலாளர் ஊடாக, ஊரின் பெயரில், எழுத்தில் போவோம். நாம் எழுதின கடிதம் முதலில் இருந்தால் பிறகு வருகிறவர் நம்மைக் கேட்காமல் பேச ஏலாது.

மொன்றியல் மாமா, வாசிகசாலைக் கூரைக் கணக்கு வராமல் புதுக் காசு சேர்க்கக் கூடாது என்று நீங்க எழுதினது முழுக்கச் சரி. கோயில் குளிர்த்திச் சடங்குக்குச் சேர்த்ததில் மிஞ்சினதும் எங்கே என்று தலைவர் அண்ணன் சொல்லத்தான் வேண்டும். சம்பளமென்றால் மாதாமாதம் பற்றுச்சீட்டோடு போகும், நீங்களே கணக்கைப் பாருங்க. பெயர் வெட்டின கல் மட்டும் வேண்டாம். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின மனிசர் தங்கட பெயர் எழுதாமல் படுத்திருக்கிற இடத்தின் வாசலில் நூறு யூரோக்காரரின் பெயரா?

காணி விசயத்தில் பொம்பிளைகள் தலையிட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயர் போடவில்லை, எழுத்தைப் பார்த்தாலே எந்த வீடென்று தெரியுது. மட்டக்களப்பில் காணி பெண்வழி வருவது அவருக்கு மறந்து போச்சா? தெருவில் இருந்து கல்லுக்காட்டுக்குப் போகிற அந்த வழித்துண்டு என் அம்மாவின் சீதனக் காணி. பெரியப்பா வீட்டோடு வந்த எல்லைப் பிரச்சினை ஊரே அறிந்தது, அதை இங்கே கிளற விரும்பவில்லை. அம்மா சேனைக்குச் சோறு கொண்டு போகையில் அந்தக் கல்லடியில் ஒரு நாளும் இருக்க விட்டதில்லை. உச்சி வெயிலில், அந்த நிழலைத் தாண்டி, பாலை மரம் வரைக்கும் நடத்துவா. பயமா மரியாதையா என்று நான் கேட்டதில்லை, இரண்டும் இருந்திருக்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த அன்றைக்கும் வீட்டைப் பார்க்க முதல் அந்தப் பக்கம் நின்று கையெடுத்தா என்று தங்கச்சி சொன்னாள். நடைபாதைக்கு வேண்டிய அகலத்தை அந்தக் காணியில் விட நானும் தங்கச்சியும் சம்மதம். எழுதித் தருவோம், சங்கத்தின் பெயரில் இல்லை, ஊர்ப் பாவனைக்கென்று.

சனிக்கிழமை குழி வெட்ட ஆள் பிடித்திருப்பதாகத் தங்கச்சி சொல்கிறாள். கூட்டத்தில் பேசி முடிவெடுக்க முதல் ஒரு மண்வெட்டியும் அங்கே இறங்கக் கூடாது. கோயிலைப் பராமரிக்கிற வண்ணக்கர் மாமாவின் இப்போதைய போன் நம்பர் யாரிடம் இருக்கோ, இன்றைக்கே எடுத்துச் சொல்லுங்க. அவர் சொன்னால் பொடியன்மார் கேட்பார்கள். தலைவர் அண்ணன், இணையக் கூட்டத்தை வெள்ளிக்கு முன்னம் வையுங்க. நான் வேலை விட்டு வந்து ஏழு மணிக்குப் பிறகு எந்த நாளும் இருப்பேன்.

அன்புடன்,
பாலையடி வீட்டு மூத்தவள், பாரிஸ்