அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்த பவர்பாயிண்ட் காணொளி மண்டபத்து டிவியில் ஓடவில்லை, குரலும் விழுங்கப்படுகிறது

மாம்பலம் வாசகி:

அன்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகப் பழைய ஒளிப்படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றைப் பற்றியும் அம்மா பேசியதைப் பவர்பாயிண்டிலேயே பதிவு செய்து, 84 ஸ்லைடுகள் கொண்ட அந்தத் தொகுப்பைக் காணொளியாக மாற்றியிருக்கிறேன். என் மடிக்கணினியில் ஓடும் அந்தக் கோப்பை நேற்று பென் டிரைவில் போட்டு மண்டபத்துக்கு எடுத்துச் சென்றபோது, அங்கிருந்த பழைய டிவி இதை இயக்க முடியாது என்று மறுத்துவிட்டது. தரம் குறையக் கூடாது என்பதற்காக அல்ட்ரா எச்டி 4கே என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மடிக்கணினியிலும் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஸ்லைடு மாறும் சில இடங்களில் அம்மாவின் முதல் சொல் காணாமல் போகிறது. 23ஆம் ஸ்லைடில் "கபாலீஸ்வரர் கோயில் தெப்பத்தன்று எடுத்தது" என்று அவர் சொன்னது, "கோயில் தெப்பத்தன்று எடுத்தது" என்று மட்டுமே கேட்கிறது. 61ஆம் ஸ்லைடில் செருகிய கைப்பேசிக் காணொளி விட்டுவிட்டு ஓடுகிறது. உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லை. மூன்று முறை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தும் பயனில்லை. விழா ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை முதலிலிருந்து மீண்டும் பேசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழி உண்டா?

வில்லிவாக்கத்தான்:

கோப்பின் பெயர் இறுதியில் உள்ள எம்பி4 என்பதை ஏவிஐ என்று மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டு டிவியில் ஒருமுறை அப்படித்தான் ஓடியது.

மேடை ஒளி-ஒலி:

மேலே நண்பர் சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றினால் உளுந்து துவரையாகிவிடுமா? மண்டபங்களில் திரை கட்டுவது என் தொழில் என்பதால், இந்த மூன்று குறைகளையும் மாதத்துக்கு இருமுறையாவது பார்க்கிறேன். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆகவே மறுபடி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதால் எதுவும் தீராது.

முதலில் டிவி. 4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட படம். அதை எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில் நொடிக்கு 30 சட்டங்களாக, அதாவது தனித்தனிப் படங்களாக, விரிக்க 5.1 என்ற நிலையைக் கையாளும் சில்லு வேண்டும். பழைய ஃபுல் எச்டி டிவிகளில் பெரும்பாலும் அது 4.1 வரைதான் போகும். உங்கள் மடிக்கணினியில் ஓடுவதும், குறிப்பாக விஎல்சி பிளேயரில் ஓடுவதும், கோப்பு உடையவில்லை என்பதற்குச் சான்றே தவிர, டிவியிலும் ஓடும் என்பதற்குச் சான்றாகாது. விஎல்சி, சுருக்கிய காணொளியை விரிக்கத் தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தன்னுடனேயே வைத்திருக்கும் மென்பொருள். ஃபுல் எச்டி 1080பி என்று தேர்ந்தெடுத்து எடுங்கள். மண்டபத்து டிவியே 1080 என்றால் 4கே கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எடுக்கும்போது பவர்பாயிண்டின் கீழ்ப்பட்டையில் ஓடும் கோடு முடியும்வரை காத்திருங்கள். அதற்கு முன்பே நகலெடுத்துவிட்டால், கோப்பு பெரிதாகத் தெரிந்தாலும் எங்கும் திறக்காது.

குரல் விழுங்கப்படுவது வேறு கதை. ஒரு ஸ்லைடு கரைந்து அடுத்தது வரும் அந்த டிரான்சிஷன் நேரத்தில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவு செய்வதில்லை. 23ஆம் ஸ்லைடுக்குப் போய் அங்குள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்திக் கேளுங்கள். "கபாலீஸ்வரர்" அங்கேயும் இல்லையென்றால் அந்தச் சொல் பதிவாகவே இல்லை; எத்தனை முறை எக்ஸ்போர்ட் செய்தாலும் திரும்பி வராது. ஆனால் கவலை வேண்டாம், குரல் ஸ்லைடு வாரியாகத்தான் சேமிக்கப்படுகிறது. குறையுள்ள ஸ்லைடுகளை மட்டும், நடப்பு ஸ்லைடிலிருந்து பதிவு செய் என்ற வழியில் மீண்டும் எடுத்து, அந்த ஸ்லைடு முடிந்ததும் பதிவை நிறுத்திவிட்டால் மற்றவை அப்படியே இருக்கும். ஸ்லைடு முழுதாக வந்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்கவும், பேசி முடித்தபின் ஒரு மூச்சு விட்டு அடுத்ததற்கு நகரவும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

61ஆம் ஸ்லைடுக்கு: கைப்பேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்ப நொடிக்கான சட்ட எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதுண்டு, உதடும் ஒலியும் பிரிவதற்கு அதுவே வழக்கமான காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தத் துண்டை மட்டும் எச்.264, 1080, மாறாத 30 சட்டம் என்று மாற்றி, பழையதை நீக்கிப் புதியதைச் செருகுங்கள்.

மாம்பலம் வாசகி:

மிக்க நன்றி ஐயா. குறை இருந்த ஐந்து ஸ்லைடுகளை மட்டும் அம்மா மறுபடி பேசினார். கைப்பேசித் துண்டும் சரியாகிவிட்டது. ஆனால் என் மடிக்கணினி மிக மெதுவாக இருந்ததால் அண்ணா நகரில் உள்ள அத்தை மகனின் கணினியில் 1080-இல் எடுத்தேன். இப்போது படங்களுக்குக் கீழே நான் தமிழில் எழுதியிருந்த பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்திருக்கின்றன.

அச்சக நண்பர்:

பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அம்மா. அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறை அல்ல. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே, அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது அந்த எழுத்துரு மட்டும்தான். அது இல்லாத கணினியில் எடுத்தால் குப்பை அப்படியே படமாக உறைந்துவிடும். நேரம் ஆனாலும் உங்கள் மடிக்கணினியிலேயே எடுங்கள். காணொளியான பின் எழுத்துகள் வெறும் படம் என்பதால் மண்டபத்தில் எந்த எழுத்துருவும் தேவைப்படாது. அடுத்த முறை லதா அல்லது நிர்மலாவில் யூனிகோடாக அடித்துவிடுங்கள். இன்னொன்று, உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கி மங்கலாக்கிவிடும்.

மேடை ஒளி-ஒலி:

பாமினி என் நினைவுக்கு வரவில்லை, நல்லவேளை நண்பர் சொன்னார். ஞாயிறன்று மடிக்கணினியையும் கையோடு கொண்டு போங்கள். அதை டிவியுடன் இணைக்க நேர்ந்தால், பழைய விஜிஏ கம்பியில் படம் மட்டுமே போகும். ஒலிக்குத் தனிக் கம்பி போட்டு மண்டபத்து ஒலி மிக்சரில் சேர்க்க வேண்டும்.

மாம்பலம் வாசகி:

நேற்றிரவு போட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் முடிந்திருந்தது. மண்டபத்து டிவியில் முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. "கபாலீஸ்வரர்" முழுதாகக் கேட்கிறது.