கலைச்சொல் தேவை: லிப்பிட் ஆய்வில் ‘இதுதான்’ என்பதற்கும் ‘இதுவாக இருக்கலாம்’ என்பதற்கும்

க., திருச்சி:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை உயிர்வேதியியல் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இரத்த மாதிரியிலிருந்து லிப்பிடுகளை, அதாவது கொழுப்பு வகை மூலக்கூறுகளைப் பிரித்து, மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் பார்க்கும் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

மூலத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று, இன்ன மூலக்கூறு என்று சான்றோடு சொல்வது. மற்றது, கருவி காட்டிய எண்ணை வைத்து ஒரு பெயரை எழுதிவைப்பது. இரண்டையும் ‘அடையாளம் காணல்’ என்று எழுதினால் அத்தியாயமே தப்பாகிவிடும். கருவியின் வரைபடத்தில் 760.585 என்ற நிறையில் ஒரு முகடு வருகிறது. அந்த அயனியை உடைத்தால் 184.07 கிடைக்கிறது, ஆகவே பாஸ்போகோலின் தலை இருக்கிறது. பாஸ்படிடைல்கோலின் 34:1 என்று எழுதலாம்: இரண்டு கொழுப்பு அமிலங்களிலும் சேர்த்து 34 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு. அது 16-ம் 18-மா, 14-ம் 20-மா என்பது இன்னும் தெரியாது. இந்த நிலைக்கு என்ன சொல்?

ப., மதுரை:
தம்பி, முதலில் ‘லிப்பிட்’டை விடுங்கள். கொழுமியம் என்று அழகான சொல் புழக்கத்துக்கு வந்தாயிற்று. கொழுமை நம் பழைய சொல். பொருநராற்றுப்படையில் ‘கோழூன் கொழுங்குறை’ உண்டு. கிரேக்க ‘லிபோஸ்’ எதற்கு?

வே., கோவை:
கொழுங்குறையைக் காட்டிவிட்டுக் கொழுமியம் என்கிறீர்களே ஐயா! கொழுமை என்னும் பண்புப்பெயரில் ‘மை’ ஈறு போகும். குறை என்பதில் வல்லினம் வருவதால் இனம் மிகுந்து ஙகரம் வந்தது. ‘இயம்’ சேர்த்தால் ஏது இனம்? வகர உடம்படுமெய்தான் வரும். கொழுவியம் என்பதே சரி. நன்னூல் 136-ஐயும் 162-ஐயும் பாருங்கள்.

ப., மதுரை:
மக்கள் நாக்கில் ஏறிவிட்ட சொல்லை நூற்பா வைத்து இறக்க முடியாது.

வே., கோவை:
எந்த மக்கள்?

ச., யாழ்ப்பாணம்:
எங்கட பாடநூல்களில் இலிப்பிட்டு எண்டுதான் படித்தனாங்கள். லகரம் மொழிக்கு முதலில் வராது, அதனால் இகரம். பிள்ளைகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அதுசரி, தம்பி கேட்டது வேறை ஒரு சொல்லையல்லோ?

இரா., சென்னை:
நன்றி சச்சண்ணா. நான் ஆய்வகத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். பொருளைப் பிடித்துக்கொண்டால் சொல் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபோல்ச் குழுவினர் 1957-இல் சொன்ன முறைப்படி, குளோரோபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு சேர்த்து மாதிரியைக் குலுக்குகிறோம். கொஞ்சம் நீர் சேர்த்ததும் கலவை இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் தங்கும் குளோரோபார்ம் அடுக்கில் லிப்பிடுகள். அதை ஆவியாக்கி, கலவையைக் கூறுகூறாகப் பிரிக்கும் வண்ணப்பிரிகைக் (குரோமட்டோகிராபி) குழாய் வழியாகக் கருவிக்குள் விடுகிறோம். இது வரைக்கும் எல்லாம் கைவேலை. சிக்கல் இதற்குப் பிறகு.

க. சொன்னது முதல் படி. எதிர்மின் அயனியாக்கி உடைத்தால் 255-லும் 281-லும் துண்டுகள் வரும்: பால்மிடிக் (16 கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லை), ஓலியிக் (18 கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு). இப்போது 16:0, 18:1 என்று பிரித்து, நடுவில் அடிக்கோடு போட்டு எழுதலாம். எந்த அமிலம், இரண்டையும் தாங்கும் கிளிசராலின் எந்த இடத்தில் என்று தெரியாததால் அடிக்கோடு. அதுவும் உறுதியானால் சாய்கோடு. இரட்டைப் பிணைப்பு எந்தக் கார்பனில் என்று கேட்டால் ஓசோனால் அந்தப் பிணைப்பை உடைப்பது மாதிரி வேறு வழி தேட வேண்டும். இதற்கிடையில் 34:2-இல் இரண்டு கார்பன்-13 (சற்றுக் கனமான கார்பன்) இருந்தால் அதுவும் 760.576-இல் வந்து நிற்கும்! நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் பகுதிறன் குறைந்த கருவியில் இரண்டும் ஒரே முகடுதான்.

ப., மதுரை:
ஒரு சின்ன ஐயம் அம்மா. கொழுமியத்துக்கு ஏது வண்ணம், வண்ணப்பிரிகை என்கிறீர்களே?

இரா., சென்னை:
இந்த முறையைக் கண்ட ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட் முதலில் இலை நிறமிகளைப் பிரித்தார், அதனால் அந்தப் பெயர். ரஷ்ய மொழியில் அவர் பெயருக்கே நிறம் என்றுதான் பொருள், ஐயா. தன் பெயரையே ஒளித்துவைத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வே., கோவை:
இரா. சொன்ன முதல் படிக்குத் தொல்காப்பியர் இலக்கணமே எழுதியிருக்கிறார். கிளவியாக்கத்தில் ‘பான்மயக் குற்ற ஐயக் கிளவி, தானறி பொருள்வயின் பன்மை கூறல்’. தூரத்தில் ஒருவர் வருகிறார். உயர்திணை என்று தெரிகிறது; ஆணா பெண்ணா தெரியவில்லை. அப்போது ‘ஒருவன்கொல்லோ ஒருத்திகொல்லோ தோன்றுவார்’ என்று பலர்பாலில் சொல். தெரிந்த அளவுக்கு மட்டும் பெயர் சொல், தெரியாததைத் துணியாதே. 34:1 வேறென்ன? எனவே இது ஐயக்கிளவி, உறுதியானது துணிகிளவி.

க., திருச்சி:
படித்ததும் மயிர்க்கூச்செறிந்தது ஐயா. ஆனால் ‘இந்த மாதிரியில் 300 ஐயக்கிளவிகள் கிடைத்தன’ என்று எழுதினால் மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

ச., யாழ்ப்பாணம்:
கிளவியை விட்டுட்டு ‘ஐயப்பெயர்’ எண்டு வைக்கலாமே?

ப., மதுரை:
நோயாளியின் இரத்தத்தில் ஐயம் என்றால் வேறு மாதிரி ஒலிக்கும். ‘உத்தேசப் பெயர்’ எளிது.

வே., கோவை:
கொழுமியத்துக்குத் தனித்தமிழ், இதற்கு வடசொல்லா?

க., திருச்சி:
வியாழன் இரவு ஆகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘உத்தேசப் பெயரிடல்’ பக்கமே ஆட்கள் அதிகம். உறுதியானதற்கு ‘இனங்காணல்’, அதில் யாருக்கும் மறுப்பில்லை. லிப்பிட் அப்படியே இருக்கட்டும், முதல் இடத்தில் மட்டும் கொழுமியம் சேர்க்கிறேன். கோப்பு அனுப்பியாயிற்று.

இரா., சென்னை:
என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். உத்தேசம் என்றதும் மாணவர் எண்ணைத் தோராயம் என்று நினைப்பார். நிறை துல்லியம், மயக்கம் அமைப்பில்தான். வே. ஐயாவின் நூற்பா அதைச் சரியாகப் பிடித்தது, ‘உத்தேசம்’ பிடிக்கவில்லை. என் வகுப்பில் நான் ‘ஐயப்பெயர்’ என்றே சொல்லப்போகிறேன்.