நம்ம பழக்காடு: கவ்வாத்து (கிளை வெட்டு) முடிந்தது, வேலி பாக்கி

சொந்தங்களுக்கு வணக்கம்.

லீவு முடிந்து நேற்றுத்தான் டோஹா திரும்பினேன். இலங்கை மலையகத்தில் நம்ம பண்டாரவளையில் இறங்கியதிலிருந்து பாதி நாள் கோவிலடிப் பழக்காட்டில்தான் போயிற்று. தோட்டம் என்றாலே நமக்குத் தேயிலைதான், அதனால்தான் பெரியவர்கள் இதைக் காடு என்றார்கள் போல. இப்போது பேருக்கு ஏற்ற மாதிரி மானாப்புல் ஆளுயரம்.

லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப்) பிள்ளைகள் 14 பேர் வந்தார்கள். முதல் நாளே ஆனைக்கொய்யா (அவகாடோ) அடியில் மம்பட்டியால் கொத்திவிட்டார்கள். அதன் வேர் மேல்மண்ணிலேயே படர்வது, கொத்தினால் மரம் பட்டினி கிடக்கும். நிறுத்தச் சொல்லி, வெட்டிய புல்லையே தண்டில் ஒட்டாமல் மூடாக்காகப் பரப்பினோம்.

அப்புறம் கவ்வாத்து. ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் வந்து, தண்ணீர் தேங்காமல் சாய்வாக வெட்டக் கற்றுக்கொடுத்தார். என்ன கை! ஆனால் தேயிலை நினைப்பில், 'இடுப்பளவுக்கு இறக்கிடலாமே' என்றார். பழமரத்துக்கு அது ஆகாது. ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் காய்ப்பை மறந்து வெறும் போத்தாக (காய்க்காத நெட்டைத் தளிராக) விடும். கொஞ்சம் முறைத்தார், ஒத்துக்கொண்டார். வெயில் படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசினோம். மரத்தில் ஒட்டி உறிஞ்சும் குருவிச்சையை இலை ஒடித்துப் பயனில்லை, ஒட்டின இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும். பாதி மரங்களில் அதுதான் குடியிருந்தது.

லண்டன் மாமா, கோபிக்க வேண்டாம். 200 கன்று நட்டுப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்றீர்களே, அது வேண்டாம். கன்று வைத்துப் படம் எடுப்பது ஒரு நாள் வேலை, வேலியில்லாமல் வைத்தால் மறுநாள் காட்டுப்பன்றிக்கு விருந்து. விதைக்கன்று ஆனைக்கொய்யா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும், ஒட்டுக்கன்று 3 அல்லது 4 வருஷத்தில் காய்க்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு 20 ஒட்டுக்கன்று போதும். மிச்சப் பணம் முழுவதும் கம்பிக்கும் கட்டைக்கும். (குரங்குக்கு என்ன வழி என்று கேட்காதீர்கள்.)

கோத்தகிரி அத்தைக்கு ஒரு கேள்வி. நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நீங்கள் தலைமன்னாரில் கப்பலேறும் முன், கீழ்வரிசைக் கடைசி மரத்தில் பழம் பறித்திருப்பீர்களே, அது பேரிக்காயா, பிளம்ஸா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள், பூத்தும் பார்க்கவில்லை. அதில் பேரிக்காய் ஒட்டுக்கட்ட நினைக்கிறோம், பிளம்ஸ் என்றால் அந்த ஒட்டுப் பிடிக்காது. உங்கள் பதில் வரும்வரை அதில் கத்தி வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.